மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்த பழைய ஆங்கில நடிகர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார், ஏன்?

யோசிக்கவே வேண்டாம், கிளாட் ரெயின்ஸ். முக்கியமாக அந்தக் குரலுக்காக.

அது பிறவியிலேயே வாய்த்த குரல் இல்லை. 1889-ல் லண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே நாடக அரங்கில் எடுபிடி வேலைக்குப் போய்விட்டார். காட்சி வரும் நேரத்தில் நடிகர்களைக் கூப்பிட்டு அனுப்ப வேண்டும். அப்போது அவர் பேசியது லண்டன் குடிசைப் பகுதிக் கொச்சை, போதாததற்கு நாக்கும் ஒத்துழைக்காது. அரங்கை நடத்திய பெரிய நடிகர் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீதான் காசு கொடுத்து உச்சரிப்புப் பயிற்சிக்கு வழி செய்தார். முதல் உலகப் போரில் விஷவாயு தாக்கி வலது கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது. திரும்பி வந்து மேடை ஏறினார், லண்டனின் ராயல் அகாடமி நாடகப் பள்ளியில் பாடமும் எடுத்தார். பின்னாளில் பெரிய ஆங்கில மேடை நடிகரான ஜான் கீல்குட் அவரிடம் படித்தவர்!

அப்புறம் நியூயார்க் மேடை. சினிமாவில் பேர் கிடைத்தது 1933-ல், நாற்பதைத் தாண்டிய பிறகு, ஜேம்ஸ் வேல் இயக்கிய 'தி இன்விசிபிள் மேன்' படத்தில், கண்ணுக்குத் தெரியாத மனிதனாக. முகம் முழுக்கக் கட்டு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கட்டை அவிழ்த்தால் ஆளே இல்லை. அவர் முகம் தெரிவது கடைசிச் சில நொடிகள்தான். அதுவரை கர்வம், வெறி, சிரிப்பு, காதலியிடம் மட்டும் வரும் குழைவு எல்லாமே குரலில்தான். காலி நாற்காலியைப் பார்த்து நாம் பயப்படுகிறோம் என்றால் அது மேடையில் தேறிய தொண்டை செய்த வேலை.

'காஸாபிளாங்கா'வின் போலீஸ் கேப்டனாகப் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். என்னைக் கேட்டால் ஹிட்ச்காக்கின் 'நொட்டோரியஸ்' (1946) அதற்கும் மேல். நாஜிக் கூட்டத்து ஆள், வில்லன். ஆனால் மனைவி உளவாளி என்று தெரிந்ததும் அம்மாவின் படுக்கையோரம் உட்கார்ந்து அதைச் சொல்லும்போது அடிபட்ட குழந்தை மாதிரி இருப்பார். வில்லனுக்காக மனசு கஷ்டப்படுவது சும்மா நடக்காது.

துணை நடிகருக்கான ஆஸ்கருக்கு நாலு முறை பரிந்துரை, ஒரு முறைகூடக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. 1951-ல் மேடை நடிப்புக்கு டோனி விருது கிடைத்தது. 1962-ல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'விலும் அதே குரல், கொஞ்சமும் தளராமல். 1967-ல் காலமானார்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் 'நொட்டோரியஸ்' படத்திலிருந்து தொடங்குங்கள். அதுவும் ஹெட்போன் போட்டுக்கொண்டு.