ராக்கெட் மாதிரி: சிலிண்டர் சாய்வா, கிடையா?

ராக்கெட் என்ற பழைய நீராவி ரயில் எஞ்சினின் மாதிரியைச் செய்யும்போது, ஓவியத்தில் சாய்வாகவும் புகைப்படத்தில் கிட்டத்தட்டக் கிடையாகவும் தெரியும் சிலிண்டரை எப்படி வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். 1829இல் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் நடந்த ரயில் எஞ்சின் போட்டியில் ஓடிய ராக்கெட்டைத்தான் செய்கிறீர்கள் என்றால் சிலிண்டரைச் சாய்வாகவே வையுங்கள், சுமார் 38 பாகை. நீங்கள் பார்த்த பழைய ஓவியம் சரி. கிட்டத்தட்டக் கிடையாகக் காட்டும் அருங்காட்சியகப் புகைப்படமும் பொய்யில்லை. அது பின்னாளில் மாற்றியமைக்கப்பட்ட அதே எஞ்சின்.

மாற்றியதற்குக் காரணம் ஆட்டமாகத்தான் இருக்க வேண்டும். செங்குத்தான கோணத்தில் பிஸ்டன் தள்ளும்போது, அந்த விசையில் ஒரு பங்கு எஞ்சினை மேலும் கீழுமாக உலுக்கும். வேகம் கூடினால் ஓட்டம் மோசமாகும். ராக்கெட் ஓடிய லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் தடம் 1830இல் திறந்த பிறகு சிலிண்டர்களைத் தாழ்த்திவிட்டார்கள்.

கையிலுள்ள படம் எந்தக் காலத்தது என்று அறிய, சிலிண்டரை விட்டுவிட்டுப் புகைபோக்கியின் அடியைப் பாருங்கள். அடிப்பகுதி வளைந்து நேராகக் கொதிகலனின் முகப்பில் சேர்ந்தால் 1829 வடிவம். அங்கே பெட்டி போன்ற புகையறை இருந்தால் பிந்தையது. இரண்டையும் கலந்து செய்த பொம்மைகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன, அவற்றைப் பார்த்து அளவெடுக்காதீர்கள்.

நிறத்திலும் கவனம் தேவை. எஞ்சியிருக்கும் அசல் எஞ்சின் கறுப்பாக, பல பாகங்களை இழந்து நிற்கிறது. போட்டியன்று அது மஞ்சள் உடலும் வெள்ளைப் புகைபோக்கியுமாக வந்தது. அருங்காட்சியகங்களில் பிற்காலத்தில் செய்த நகல்களும் உண்டு. படத்தின் கீழுள்ள குறிப்பைப் படித்து, அது அசலா நகலா என்று உறுதி செய்துகொண்ட பிறகே துளை போடுங்கள்.