நகை அடகுல, படம் கடைல: இப்போ எஸ்ஐபி போடலாமா?

கேள்வி: நான் கும்பகோணம் பக்கம், வயசு 38, தஞ்சாவூர் ஓவியம் போடுறேன். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுறார். பையன் எட்டாவது, பொண்ணுக்கு எட்டு வயசு. அடகு கடைல நகை வச்சு ஒன்றரை லட்சம் வாங்கினது ரெண்டு வட்டில ஓடிட்டு இருக்கு. சென்னைல ஒரு ஷோரூம்ல பத்து லட்சுமி படம் கேக்குறாங்க, வித்த பிறகு பணம் தருவாங்களாம். மியூச்சுவல் ஃபண்டுல மாசத் தவணையா 3,000 எஸ்ஐபி போடலாமா, இல்ல வீட்டுக்காரர் சொல்ற மாதிரி தெரிஞ்சவர்கிட்ட சீட்டு கட்டலாமா?

பதில்: சகோதரி, இப்போதைக்கு ரெண்டுமே வேண்டாம். ரெண்டு வட்டின்னா வருஷத்துக்கு 24 சதவீதம், மாசம் 3,000, வருஷத்துக்கு 36,000 உங்க கைய விட்டு போகுது, அசல்ல ஒரு ரூபா குறையல. எந்த எஸ்ஐபியும் 24 சதவீதம் உறுதியா தராது, அதனால இந்த கடனை அடைக்கிறது தான் உங்களுக்கு முதல் முதலீடு. அதே நகைய பேங்க்லயோ கூட்டுறவு சங்கத்துலயோ வச்சா ஏறக்குறைய பத்து சதவீதத்துக்கு கிடைக்கும், வருஷ வட்டி 15,000 தான் ஆகும், 21,000 மிச்சம். மொத்தமா மீட்க பணம் இல்லன்னா நகைய தனித்தனி அடகு ரசீதா வச்சிருக்கீங்களான்னு பாருங்க, சின்ன அடகை முதல்ல மீட்டு அதை பேங்க்ல வச்சு அந்த பணத்துல அடுத்ததை மீட்டுக்கிட்டே வாங்க.

அடுத்தது அந்த பத்து படம், எனக்கு கவலையே இங்க தான். 15க்கு 12 இஞ்ச் படத்துக்கு பலகை, துணி, மேடு எழுப்புற மக்கு வேலை, கல்லு, தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு), ஃப்ரேம் எல்லாம் சேர்த்து 4,500 ஆகுது, கடைக்கு 9,000க்கு குடுக்குறேன், பாதிக்கு பாதி லாபம்னு எழுதியிருந்தீங்க. அது லாபம் இல்லைங்க, உங்க கூலி. ஒரு படத்துக்கு 12 நாள்னா ஒரு நாளைக்கு 375 ரூபா வருது, உங்க ஊர்லயே சித்தாள் வேலைக்கு போறவங்க இதவிட கூட வாங்குவாங்க. கண்ண சுருக்கிக்கிட்டு ரேக்கு ஒட்டுற கைக்கு அது ரொம்ப கம்மி. இதுல பத்து படம்னா உங்க கைக்காசு 45,000மும் நாலு மாச உழைப்பும் அவங்க சுவத்துல தொங்கும், அந்த நாலு மாசத்துக்கு நீங்க அடகு கடைக்கு 12,000 வட்டி கட்டிட்டு இருப்பீங்க. அவங்க கடைக்கு முதல் போடுறது நீங்களா இருக்கக்கூடாது. மெட்டீரியல் காசு முழுசும் அட்வான்ஸா வந்தா தான் பலகைய தொடுவேன்னு சொல்லுங்க, முதல்ல ரெண்டு படம் குடுங்க, தங்கம் ஏறுற வேகத்துக்கு சொன்ன விலை ஏழு நாளைக்கு தான்னு பில்லுலயே எழுதுங்க. தஞ்சாவூர் ஓவியத்துக்கு புவிசார் குறியீடு (இந்த ஊர் பொருள்னு அரசு தர்ற அடையாளம்) இருக்கு, கையால போட்டது, அசல் 22 கேரட் ரேக்குன்னு எழுதி குடுக்க முடியும், அதுக்கு காசு கேக்க கூச்சப்படாதீங்க.

தொழிலுக்கு முதல் வேணும்னா அடகு கடைக்கு போகாம மாவட்ட தொழில் மையத்துல கலைஞர் கைவினைத் திட்டம் பத்தி கேளுங்க. 35 வயசு தாண்டினவங்களுக்கு 3 லட்சம் வரை கடன், அதுல 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 மானியம். உங்க வேலை அந்த பட்டியல்ல எந்த தலைப்புல வருதுன்னு அங்கயே கேட்டுக்கோங்க. ஆனா கைல அட்வான்ஸ் வாங்கின ஆர்டர் இருந்தா மட்டும் கடன் எடுங்க.

சீட்டு பத்தி ஒரே வார்த்தை, பதிவு பண்ணாத சீட்டு வேண்டவே வேண்டாம், தெரிஞ்சவரா இருந்தாலும் சரி.

பொண்ணுக்கு செல்வமகள் சேமிப்பு கணக்க மட்டும் இப்பவே போஸ்ட் ஆபீஸ்ல 250 ரூபா கட்டி ஆரம்பிச்சிடுங்க, பத்து வயசு தாண்டினா ஆரம்பிக்க முடியாது. மாசாமாசம் கட்டணும்னு கட்டாயம் இல்ல, வருஷத்துக்கு 250 கட்டினா கணக்கு உயிரோட இருக்கும், நவராத்திரி தீபாவளி சீசன்ல பணம் வர்றப்ப பெருசா போடுங்க, ஆடி மாசம் ஆர்டர் இல்லன்னா சும்மா விடுங்க. உங்கள மாதிரி வருமானம் ஏறி இறங்குறவங்களுக்கு மாசத் தவணைய விட இது தான் பொருந்தும்.

வீட்டுக்காரர் தினமும் ரோட்டுல இருக்கார், அதனால பேங்க்ல வருஷத்துக்கு 436 ரூபா ஆயுள் காப்பீடும் 20 ரூபா விபத்து காப்பீடும் உங்க ரெண்டு பேர் பேர்லயும் இந்த வாரமே போடுங்க, ஒவ்வொண்ணும் 2 லட்சம். நகை முழுசா வீட்டுக்கு வந்ததும் அந்த 3,000த்த முதல்ல ஆறு மாச வீட்டு செலவுக்கு தனி கணக்குல சேருங்க, அது நிரம்பின பிறகு எஸ்ஐபி பத்தி எனக்கு மறுபடி எழுதுங்க.