எதுவரைக்கும், கர்த்தாவே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புத்தாண்டு இரவு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம் எரேமியா 29:11. மார்ச்சில் கணவருக்கு வேலை போனது. இன்றுவரை வேறு வேலை அமையவில்லை. நான் சரியாக விசுவாசிக்கவில்லையா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் விசுவாசத்தைச் சந்தேகப்படுவதற்கு முன் வேதாகமத்தை எடுத்து, அதற்கு முந்தின வசனத்தைப் படியுங்கள். 29:10 வாக்குத்தத்த அட்டைகளில் ஏறுவதே இல்லை. பாபிலோனில் எழுபது வருஷம் கழிந்த பிறகே உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறது அது.

கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து யோயாக்கீன் ராஜாவையும், பிரபுக்களையும், தச்சர் கொல்லர்களையும் சிறைபிடித்துக் கொண்டுபோனான். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி ஆலயத்தில் வைத்துச் சொன்னான். பாபிலோனுக்கு அடங்கியிருப்பதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டினான். கேட்க இனிமையாகத்தான் இருந்திருக்கும். எரேமியா சிறைப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதமோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்றது. ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற உங்கள் 29:11 இந்தக் கடிதத்தின் நடுவில் வரும் வரி. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் சொந்த ஊரைத் திரும்பப் பார்த்திருக்க முடியாது.

ஆகவே 29:4 முதல் 14 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். பிறகு ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் வசனம் சொன்னதை மட்டும் எழுதுங்கள். வலப்பக்கம் நாமாகச் சேர்த்துக்கொண்டதை எழுதுங்கள்: ‘ஜூனுக்குள்’, ‘பழைய சம்பளத்துக்குக் குறையாமல்’, ‘இதே ஊரில்’. மனம் உடைவது பெரும்பாலும் வலப்பக்கத்தால்தான்.

வீடு கட்டித் தோட்டம் போடுவது உங்கள் வீட்டில் என்ன? மாதச் செலவை எழுதி வைப்பது. பள்ளிக் கட்டணத்துக்குத் தவணை கேட்பதென்றால் கடைசித் தேதிக்கு முன்பே போய்க் கேட்பது. கந்துவட்டிக்காரரிடம் போகும் நிலை வந்தால் முதலில் வங்கி நகைக்கடனைப் பார்ப்பது. போதகரிடம் ‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்பதோடு நிறுத்தாமல், வேலை போய்விட்டது என்பதையும் கணவருக்கு என்ன வேலை தெரியும் என்பதையும் விவரமாகச் சொல்வது. சபையில் யாராவது ஒருவர் ஆள் தேடிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: முழங்கால்படியிட்டால் வார்த்தை வருவதில்லை. ஸ்தோத்திரம் சொன்னால் பொய் சொல்வதுபோல இருக்கிறது. மனதில் இருப்பதைச் சொன்னால் முறுமுறுப்பு ஆகிவிடுமோ என்று பயம்.
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: முறுமுறுப்பு வேறு, புலம்பல் வேறு. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கூடாரத்துக்குள் இருந்துகொண்டு தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசினார்கள். உபாகமம் 1:27 அதைத்தான் கண்டிக்கிறது. தாவீது அதைவிடக் கடுமையாகப் பேசினான், ஆனால் தேவனைப் பார்த்தே பேசினான். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் புலம்பல் வகைதான். நம் பாமாலை, கீர்த்தனைகளில் அந்த விகிதம் இல்லாததால் ஏதோ தப்பு செய்வதுபோலத் தோன்றுகிறது.

சங்கீதம் 13ஐ எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்கள் முறையீடு, அவற்றில் ‘எதுவரைக்கும்’ நான்கு தடவை வருகிறது. 3, 4 விண்ணப்பம். 5, 6 நம்பிக்கை. இதே வரிசையில் ஒரு நோட்டில் எழுதுங்கள். முறையீட்டில் ‘என் கஷ்டங்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பாதி சுமை உள்ளேயே தங்கிவிடும். ‘15ஆம் தேதி தவணை, கையில் 3,000 ரூபாய்’ என்று எழுதுங்கள். விண்ணப்பத்தில் ஒன்றே ஒன்று கேளுங்கள். தாவீது கேட்டது ‘என் கண்களைத் தெளிவாக்கும்’ என்பது. மூன்றாவது பகுதிக்கு ஒரு வாக்கியம் போதும்.

இரண்டு இடத்தில் இது தவறிப்போகும். முதலாவது, ஐந்தாம் வசனத்திலிருந்து தொடங்குவது. சாட்சிக் கூட்டங்களில் கேட்டுப் பழகியதால் நாம் நேரே ‘களிகூருவேன்’ என்பதற்குத் தாவுகிறோம். அதுதான் உங்களுக்குப் பொய்யாகப் படுகிறது. இரண்டாவது, முதல் இரண்டு வசனத்திலேயே வாரக்கணக்கில் நின்றுவிடுவது. அதற்கு மருந்து புலம்பல் புத்தகத்திலேயே இருக்கிறது. அதன் முதல் நான்கு அதிகாரங்களும் நம் ஆத்திசூடிபோல அகரவரிசைப் பாட்டு. எபிரெயத்தில் 22 எழுத்து. அதிகாரத்துக்கு 22 வசனம். மூன்றாவதில் மட்டும் எழுத்துக்கு மூன்றாக 66. எருசலேம் எரிந்து கிடக்கும்போது எழுத்து எண்ணி எழுதியிருக்கிறார்கள்! அழுகைக்குத் தொடக்கமும் முடிவும் வைத்திருந்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நீங்களும் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் முடிந்ததும் நோட்டை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

தேவனுடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்ற வசனம் அதே மூன்றாம் அதிகாரத்தில் 22, 23இல் வருகிறது. அதோடு புத்தகம் முடியவில்லை. அழுகை ஐந்தாம் அதிகாரம்வரை போகிறது. நல்ல வசனம் ஒன்று கிடைத்த மறுநாளும் கண்ணீர் வந்தால் பின்வாங்கிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். மூன்றாவது பகுதி எழுத வராத நாளில் சங்கீதம் 88 போதும். ‘என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே’ என்று அழைத்துத் தொடங்கும் அது, ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் முடிகிறது.

கேள்வி: மனச்சோர்வுக்கு டாக்டர் மாத்திரை தந்திருக்கிறார். மாத்திரை சாப்பிட்டால் அவிசுவாசம், நிறுத்து என்கிறார்கள் ஜெபக்குழுவில்.
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: நிறுத்தாதீர்கள். எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் ஆயுள் கூட்டித் தருவதாகக் கர்த்தரே சொல்லியிருந்தும், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னான் ஏசாயா (ஏசாயா 38). வாக்கும் இருந்தது, பற்றும் இருந்தது. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்த எலியாவுக்கும் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர், தூக்கம், மறுபடி சாப்பாடு. பேச்செல்லாம் பிற்பாடு, ஓரேப் மலையில்.

இந்த மாத்திரைகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். திடீரென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு வரலாம், நோயும் திரும்பலாம். குறைப்பதானாலும் டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் ஜெபக்கூட்ட நாள்வரை காத்திருக்கக் கூடாது. உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு இரவிலும் இலவசமாகப் பேசலாம். ஜெபக்குழுவிடம் ‘டாக்டருக்காகவும் ஜெபியுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: துக்க வீட்டில் என்ன பேசுவது?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், வாய் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். ‘தேவ சித்தம்’, ‘நல்லவர்களைக் கர்த்தர் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்’ இரண்டையும் சொல்லாமல் வாருங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்த வீட்டில் யாருக்கும் அது நினைவிருக்காது, கூடப் போங்கள். கூட்டம் கலைந்த மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஒருமுறை குழம்பும் சோறுமாகப் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: வருமானமே இல்லை. கடன் வாங்கியாவது தசமபாகம் கொடுக்கவேண்டுமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். 2 கொரிந்தியர் 8:12 பாருங்கள். இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே என்று பவுல் எழுதியிருக்கிறார். வருமானம் இல்லாத மாதத்தில் பத்தில் ஒன்று பூஜ்யம்தான்.