மழை தலையிடாது

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருவுக்குக் குடிநீர் வரவில்லை என்று கலெக்டருக்கு மனு எழுதினேன். 'தாங்கள் இதில் தலையிட்டு' என்ற இடத்தை என் மகள் அடித்துவிட்டாள். தலையிடுவது என்றால் வேண்டாத வேலை பார்ப்பதாம். 'இடையீடு செய்து' என்று எழுத வேண்டுமாம். எது சரி?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் எழுதியதே சரி. 'இடையீடின்றி' என்றால் தடையில்லாமல் என்று பொருள். தண்ணீர் இடையீடின்றி வர வேண்டும் என்று கேட்கிற மனுவில் 'இடையீடு செய்யுங்கள்' என்று எழுதினால், வருகிற சொட்டும் நின்றுவிடப் போகிறது.

ஆனால் மகளின் காது பொய் சொல்லவில்லை. அரசியல் தலையீடு, அந்நியத் தலையீடு என்று படித்துப் படித்துப் பெயர்ச்சொல் கசந்துவிட்டது. வினைச்சொல் இன்னும் கசக்கவில்லை. 'உங்கள் தலையீட்டால் தண்ணீர் வந்தது' என்று நன்றிக் கடிதம் போனால் கலெக்டர் புருவத்தை உயர்த்துவார். 'நீங்கள் தலையிட்டதால் வந்தது' என்றால் மகிழ்வார்.

குறுக்கிடுவது வேறு. சாலையில் ரயில் பாதை குறுக்கிடும், கிரிக்கெட் ஆட்டத்தில் மழை குறுக்கிடும். மழை தலையிடாது. தலையிட ஓர் ஆள் வேண்டும், அல்லது ஆளைப் போல முடிவெடுக்கும் நீதிமன்றமோ அரசோ வேண்டும். கூப்பிட்டு வந்தால் உதவி. கூப்பிடாமல் வந்தால் 'நடுவில் நீ யார்?' (யாழ்ப்பாணத்தில் தலைவலிக்குத் தலையிடி என்று பெயர். ஊர்ச் சண்டையை விலக்கப் போனவருக்கு மிஞ்சுவதும் அதுதான்.)

கூப்பிடாமலே வந்தவர் ஒருவர் புறநானூற்றில் இருக்கிறார். மலையமான் என்ற சிற்றரசனின் பிள்ளைகளை யானைக் காலில் இட ஆணையிடுகிறான் சோழன் கிள்ளிவளவன். பிள்ளைகளோ யானையைப் பார்த்த வியப்பில் அழுகையை மறந்து, மன்றத்தை மிரண்டு பார்க்கிறார்கள். அங்கே புலவர் கோவூர் கிழார் பேசுகிறார் (பாட்டு 46). புறாவின் துன்பம் தீர்த்தவன் வழியில் வந்தவன் நீ. இவர்களோ புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம்மிடம் இருப்பதைப் பகிர்ந்து உண்டவர்களின் பிள்ளைகள் என்கிறார். வேறெதுவும் கேட்கவில்லை. 'கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே': கேட்டுக்கொண்டாய் அல்லவா, இனி உன் விருப்பம். பாடிப் பிழைக்க வைத்தார் என்கிறது பாட்டின் அடிக்குறிப்பு. கொல்ல நிற்பவனை இப்படிச் சந்து செய்விப்பதற்கு, அதாவது சமாதானப்படுத்துவதற்கு, துணைவஞ்சி என்று புறப்பாடல்களில் தனித் துறையே (பாடல் வகையே) உண்டு. 'தலையிடு' அந்தப் பாட்டில் இல்லை. நான் கண்ட மிக அழகான தலையீடு அதுதான். பெயர்ச்சொல்லைத்தான் எழுதியிருக்கிறேன், மகளிடம் காட்டுங்கள்.

மனுவின் கடைசி வரியை மட்டும் கோவூர் கிழாரைப் போல முடித்துவிடாதீர்கள். எந்தத் தேதிக்குள் தண்ணீர் வரும் என்று கேளுங்கள்.