டிரெய்லர் எடுக்கும் முன் அடியில் குனிந்து பாருங்கள்

பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் 26 வருடமாக டிராக்டர் டிரெய்லர் கட்டுகிறேன். புதிதாகக் கட்டுவது பாதி, உடைந்து வந்ததைச் சரிசெய்வது பாதி. பிசான அறுப்பு முடிந்து நெல் பணம் கைக்கு வந்ததும் டிரெய்லர் விசாரிக்கிறவர்கள் கூடிவிடுவார்கள். இந்த முறை கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்கள் இவை.

சேரன்மகாதேவி தம்பி: அண்ணாச்சி, 45 குதிரைத்திறன் டிராக்டர் இருக்கு. நெல் ஏத்தணும், வேலை இல்லாத நாள்ல எம்-சாண்டும் ஏத்தணும். எவ்வளவு பெரிய பெட்டி போடலாம்?

தம்பி, பெட்டியின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். 120 கன அடி. இதில் நெல்லைத் தட்டிக் கொட்டினால் ஏறக்குறைய 2 டன் வரும். அதே பெட்டியில் எம்-சாண்டை நிரப்பினால் ஐந்தரை டன்னைத் தாண்டிவிடும், ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். பெட்டி ஒன்றுதான், எடை மட்டும் மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. நெல்லுக்கென்று வாங்கிய 3 டன் டிரெய்லரில் மணலை நிரப்பி, ஆறே மாதத்தில் ஆக்சில் வளைந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனசு நொந்துபோயிருக்கிறேன்.

உங்கள் டிராக்டரோடு வந்த புத்தகத்தில் இழுக்கக்கூடிய எடை போட்டிருக்கும். அது டிரெய்லரின் சொந்த எடையையும் சேர்த்துத்தான். டிரெய்லரைக் காலியாக எடை மேடையில் நிறுத்திச் சீட்டு வாங்குங்கள், அதைக் கழித்தால் மிச்சம்தான் நீங்கள் ஏற்றலாம். 3 டன் என்று வந்தால், இந்தப் பெட்டியில் மணல் சுமார் 13 அங்குல உயரம்தான் நிற்கும். ஈர மணலையும் கணக்கில் வைத்து, உள்பக்கம் ஓர் அடி உயரத்தில் மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டுவிடுங்கள். ஜேசிபிக்காரரிடம் அந்தக் கோட்டைக் காட்டினால் போதும், வாக்குவாதம் வராது.

இன்னொன்று, விவசாயத்துக்கென்று பதிவு செய்த டிரெய்லரில் கூலிக்கு மணல் ஏற்றக் கூடாது. வாடகைக்கு ஓட்டுவதானால் அதற்குரிய பதிவும் இன்சூரன்ஸும் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். மணலுக்கு நடைச்சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

களக்காடு, வாழை விவசாயி: இரண்டு சக்கரமா, நான்கு சக்கரமா?

உங்களுக்கு இரண்டு சக்கரம். வாழைத் தோட்டத்துக்குள் வரப்பை ஒட்டிப் பின்னால் எடுத்து, தார் ஏற்றி வெளியே வர வேண்டும். இரண்டு சக்கர டிரெய்லர் கொக்கியில் மட்டும்தான் திரும்பும். முன்சக்கரம் திரும்பும் நான்கு சக்கர வண்டி இரண்டு இடத்தில் மடியும், அதை ரிவர்ஸ் எடுப்பது கைதேர்ந்த டிரைவருக்கே சிரமம்.

இரண்டு சக்கரத்தில் இன்னொரு லாபம், சுமையில் ஒரு பங்கு கொக்கி வழியாக டிராக்டரின் பின்சக்கரத்தில் இறங்கும். சேற்றில் டயர் வழுக்காமல் பிடிக்கும். நேர் ரோட்டில் தொலைதூரம், 5 டன்னுக்கு மேல் என்றால் மட்டும் நான்கு சக்கரத்தை யோசிக்கலாம்.

வள்ளியூர்: கட்டிக் கொடுக்கிறவர் 4 இஞ்ச் சேனல் போதும், அதற்குப் பதில் தகட்டை 5 மி.மீ. போட்டுத் தருகிறேன் என்கிறார். சரியா?

சரியில்லை. இதை நான் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி டிரெய்லர்கள் உடைவது இந்த ஒரு இடத்தில்தான்.

தகடு சாமான் கொட்டாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். எடையைச் சுமப்பது அடியில் இருக்கும் சேஸ், அதாவது சேனல் என்கிற ‘ப’ வடிவ இரும்புச் சட்டங்களால் கட்டிய சட்டகம். 10-க்கு 6 அடித் தளத்துக்கு 3 மி.மீ. தகடு போட்டால் 130 கிலோ, 5 மி.மீ. போட்டால் 220 கிலோ. கூடுதலாக வரும் 90 கிலோவையும் அதே சின்ன சேனல்தான் சுமக்க வேண்டும்.

சேனலில் கணக்கு வேறு. 4 இஞ்ச் சி-சேனல் மீட்டருக்கு ஏறக்குறைய 9.5 கிலோ, 6 இஞ்ச் சேனல் ஏறக்குறைய 16.5 கிலோ. எடை முக்கால் பங்குதான் கூடுகிறது, வளையாமல் தாங்கும் வலுவோ ஏறக்குறைய 2.8 மடங்கு ஆகிறது. உயரம் கூடக்கூட வலு எகிறும். அதனால் இரும்புக்குக் கொடுக்கும் காசை முதலில் சேஸில் போடுங்கள். தளத்துக்கு 4 மி.மீ. தாராளம். கருங்கல் ஏற்றுகிறவர்கள் மட்டும் 5 மி.மீ. போடட்டும்.

வெல்டிங்கையும் நின்று பாருங்கள். சேனலின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் குறுக்காக வெல்டிங் ஓட்டினால் பின்னாளில் விரிசல் அங்கேதான் பிறக்கும். குறுக்குச் சட்டங்களைச் சேனலின் நடுப்பட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். டிராபார், அதாவது கொக்கிக்கு நீளும் முன்சட்டம், சேஸோடு சேரும் இடத்தில் முக்கோணத் தகடு வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும், ஒவ்வொரு குழிக்கும் அடி வாங்குவது அந்த மூலைதான். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை பட்டறைக்குப் போய்விடுங்கள், அடித்தபிறகு எல்லா வெல்டிங்கும் அழகாகத்தான் தெரியும்.

மானூர் தங்கச்சி: வட்டாட்சியர்கிட்ட அனுமதி வாங்கி குளத்து வண்டல் அடிக்கிறோம் அண்ணாச்சி. மேட்டுல ஏறும்போது டிராக்டரோட முன்சக்கரம் தூக்குது. டிப்பர்ல கோளாறா?

டிப்பரில் கோளாறு இல்லை தங்கச்சி, மண்ணைக் கொட்டும் விதத்தில்தான். பெட்டியின் முன்பக்கம் குவித்துப் போட்டால் கொக்கியில் எடை கூடி, பின்சக்கரத்தை அழுத்தி முன்னைத் தூக்கும். அதற்குப் பயந்து பின்னால் குவித்தால் கொக்கி மேலே இழுக்கப்பட்டு டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். ஆக்சிலுக்குச் சற்று முன்னால் குவியல் வரட்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு போல கொக்கியில் இறங்கினால் சரியாக இருக்கும். டிராக்டரின் முன்னால் எடைக்கட்டி மாட்டுவதும் நல்லது. டிரெய்லரை டிராக்டரின் பின்னால் தாழ்வாக இருக்கும் டிராபாரில் மட்டுமே மாட்டுங்கள், அதைவிட உயரமான இடத்தில் மாட்டினால் டிராக்டர் பின்னால் கவிழும்.

வண்டலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் கிளீனராக இருந்த காலத்தில் ஒரு குளத்தங்கரையில் ஈர வண்டல் லோடை இறக்கினோம். கரை லேசாகச் சாய்வு. பெட்டியைத் தூக்கினோம், மண் வழுகவில்லை. முன்பக்கத் தகட்டோடு ஒட்டிக்கொண்டு அப்படியே உயரத்தில் நின்றது. இன்னும் கொஞ்சம் தூக்கினோம். ஒரு பக்கத்து டயர் ஈர மண்ணில் நாலு விரல் இறங்கியது, அவ்வளவுதான், பெட்டி பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. டிரைவர் பிழைத்தது பெரிய விஷயம். சமதரையில் மட்டும் தூக்குங்கள். மண் ஒட்டிக்கொண்டால் பெட்டியை இறக்கிவிட்டு மண்வெட்டியால் தள்ளுங்கள். தூக்கும் முன் தலைக்கு மேல் கரண்ட் கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

திசையன்விளை: உப்புக் காற்றில் இரண்டே வருடத்தில் துரு. தேரிச் செம்மணல் மேட்டில் டயரும் புதைகிறது.

உங்கள் பக்கம் சதுரக் குழாயில் செய்த சேஸை எடுக்காதீர்கள். உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடிப்பது வெளியே தெரியாது. திறந்த சி-சேனல்தான் கண்ணுக்குத் தெரியும், பிரஷ்ஷும் உள்ளே போகும். ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டு அடித்து அதன்மேல் பெயிண்ட். தளத்தின் நாலு மூலையிலும் தண்ணீர் வடிய ஓட்டை. உரம், சாணம் ஏற்றினால் அன்றைக்கே கழுவிவிடுங்கள்.

தேரி மணலுக்கு ஒரே வழி, லோடைக் குறைத்து இரண்டு நடையாக அடிப்பது.

அம்பாசமுத்திரம்: டிரெய்லருக்குத் தனி பிரேக் தேவையா? இங்கே யாரும் வைப்பதில்லையே.

தேவை. யாரும் வைப்பதில்லை என்பதால்தான் இவ்வளவு விபத்து. உங்கள் டிராக்டர் சுமார் 2 டன். பின்னால் வருவது லோடோடு நாலரை டன். தன்னைவிட இரண்டு மடங்கு எடையை டிராக்டரின் பின்சக்கர பிரேக் மட்டும் நிறுத்த வேண்டியிருக்கிறது. புதிதாகக் கட்டும்போதே பிரேக் வைத்த ஆக்சில் கேளுங்கள். பின்னால் சேர்ப்பதைவிடச் செலவு குறைவு.

பிரேக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரோட்டில் ஏறும்போது இடது, வலது பிரேக் பெடல்களைக் கொண்டியால் சேர்த்துவிடுங்கள். வயலில் உழுதுவிட்டு அப்படியே ரோட்டுக்கு வருகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் லோடு தள்ளி டிராக்டர் குறுக்கே மடங்கும். பாலத்து இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரல் போடவே போடாதீர்கள். ஏறுவதற்கு எந்தக் கியரோ இறங்குவதற்கும் அதே கியர். பின்னால் ஒளிரும் ஸ்டிக்கரும் எரிகிற விளக்கும் இருக்கட்டும், கரும்பு, வைக்கோல் ஏற்றினாலும் அவை மறையக் கூடாது.

நாங்குநேரி: பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு டிரெய்லரில் போகலாமா?

வேண்டாம் அய்யா. சின்னப் பிள்ளையில் நாங்களும் அப்படித்தான் போனோம், அந்தச் சந்தோஷம் எனக்கும் தெரியும். ஆனால் டிரெய்லரில் ஆள் ஏற்றச் சட்டம் விடாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும். பொங்கல் பானையும் விறகும் டிரெய்லரில் போகட்டும், ஆட்களுக்கு வேன் பிடியுங்கள்.

ஆலங்குளம்: பழைய டிரெய்லர் ஒன்று விலைக்கு வருகிறது. புதுப் பெயிண்ட். என்னென்ன பார்க்க வேண்டும்?

புதுப் பெயிண்ட் என்றதுமே எனக்குச் சந்தேகம். மண்ணெண்ணெய் கொஞ்சமும் சாக்பீஸ் ஒன்றும் எடுத்துப் போங்கள். டிராபார் மூலையிலும், ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் பிராக்கெட்டிலும் ஒரு விரல் அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டச் சொல்லுங்கள். மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துத் தடவி, பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு மேலே சாக்பீஸைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளையில் மயிரிழை போல ஈரக் கோடு எழும்பும். சுரண்டவே விடமாட்டேன் என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்றால் பேரிங் போயிருக்கிறது, அது சின்னச் செலவு. டயரின் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஆக்சில் வளைந்திருக்கலாம், அது பெரிய செலவு. 9.00-16 டயர் என்றால் பக்கச் சுவரில் நாலு இலக்கம் பாருங்கள், 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருடம் 23-வது வாரத்தில் செய்தது. கொக்கியில் பின் போகும் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இழுபட்டிருந்தால், அந்த வண்டி நிறைய ஓவர்லோடு பார்த்திருக்கிறது.

டிப்பர் என்றால் காலிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பெட்டி தானாக இறங்கியிருந்தால் சீலோ வால்வோ போயிருக்கும். அடியில் பார்க்க வேண்டுமானால் முதலில் தடித்த கட்டை முட்டுக் கொடுங்கள்.

கடைசியாக ஆர்.சி. புத்தகம். டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு. சேஸில் அடித்திருக்கும் எண்ணின்மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, புத்தகத்தில் இருப்பதோடு ஒத்துப் பாருங்கள். வங்கிக் கடன் பதிவு இருந்தால் அது தீர்ந்ததற்கான படிவம் 35-ஐயும், பெயர் மாற்ற 29, 30 படிவங்களில் அவர் கையெழுத்தையும் வாங்கியபிறகு முன்பணத்தைக் கொடுங்கள்.