டிரெஸ் அலவன்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கணவர் ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் டிராக்மேன். ஜூலை சம்பளத்தோடு 6,250 ரூபாய் சேர்ந்து வந்தது. முன்பெல்லாம் சம்பளச் சீட்டில் வாஷிங் அலவன்ஸ் என்று ஒரு சின்னத் தொகை இருக்கும், இப்போது காணோம். விட்டுவிட்டார்களா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: விடவில்லை அம்மா, அதுவும் அந்த 6,250-க்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. துணிக்கு ஒன்று, ஷூவுக்கு ஒன்று, கிட் பராமரிப்புக்கு ஒன்று, துவைக்க ஒன்று என்று தனித்தனியாக வந்துகொண்டிருந்ததை எல்லாம் ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு, 2017 ஆகஸ்ட் 2-ம் தேதி உத்தரவில், நிதியமைச்சகம் ஒரே மூட்டையாகக் கட்டி டிரெஸ் அலவன்ஸ் என்று பெயர் வைத்தது. வருடத்துக்கு ஒரு தடவை, ஜூலையில். அப்போது ராணுவ அதிகாரிகளுக்கு 20,000, ஸ்டேஷன் மாஸ்டருக்கு 10,000, டிராக்மேன், ஸ்டாஃப் கார் டிரைவர், எம்.டி.எஸ். (பல்பணி ஊழியர்) போன்றவர்களுக்கு 5,000. டி.ஏ. (அகவிலைப்படி) 50 சதவீதம் ஏறும்போதெல்லாம் இது 25 சதவீதம் கூடும் என்பது விதி, 2024 ஜனவரியில் டி.ஏ. 50-ஐத் தொட்டதால்தான் 5,000 என்பது 6,250 ஆனது.

மாதத்துக்கு வகுத்துப் பார்த்தால் 520 ரூபாய் சொச்சம். ஜல்லியில் முட்டி போட்டு வேலை பார்க்கிறவரின் பேன்ட்டுக்கும் ஷூவுக்கும் சோப்புக்கும் இது போதுமா என்று கேட்டால், போதாது என்பதுதான் என் பதில். ஆனாலும் துணியாக வெட்டிக் கொடுத்த காலத்துக்கு இது எவ்வளவோ மேல். என் அப்பாவுக்கு ஒரு வருஷம் கிடைத்த காக்கித் துணி, முதல் தண்ணீரிலேயே சுருங்கி, கடைசியில் தம்பிக்கு டிரவுசராயிற்று!

கேள்வி: போன நவம்பரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எம்.டி.எஸ்.ஸாகச் சேர்ந்தேன். சீருடை கட்டாயம், சொந்தக் காசில் தைத்துவிட்டேன். "அடுத்த ஜூலையில்தான் அலவன்ஸ்" என்கிறார் பில் பார்ப்பவர். சரியா? (வாசகர், சென்னை)

பதில்: சரியில்லை. ஜூலைக்குப் பிறகு சேருகிறவர்களுக்கு விகிதாசாரமாகத் தர வேண்டும் என்று 2025 மார்ச்சிலேயே நிதியமைச்சகம் உத்தரவு போட்டிருக்கிறது. கணக்கு சுலபம்: வருடத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, சேர்ந்த மாதத்திலிருந்து ஜூன் வரை எத்தனை மாதமோ அத்தனையால் பெருக்க வேண்டும். நவம்பர் முதல் ஜூன் வரை எட்டு மாதம், ஆகவே உங்களுக்கு 4,166 ரூபாய்க்கு மேல் வரும். வாயால் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், அந்த உத்தரவின் நகலை இணைத்து ஒரு மனு எழுதிக் கொடுத்து, மனுவின் நகலில் சீல் போட்டு வாங்கி வையுங்கள். பில் பார்ப்பவர்களுக்கும் பாவம், வருகிற சுற்றறிக்கை எல்லாவற்றையும் படிக்க நேரம் ஏது!

கேள்வி: மத்திய அரசு மருத்துவமனையில் செவிலியர் நான். எனக்கு மாதாமாதம் 2,250 வருகிறது. வருமான வரி உண்டா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: செவிலியருக்கு மட்டும் மாதக் கணக்கு, முன்பு 1,800 இருந்தது. வருடத்துக்கு 27,000 ஆகிறது. புதிய வரி முறையில் இருந்தால் அது முழுக்க வருமானத்தில் சேரும், பேசிப் பயனில்லை. பழைய முறை என்றால், சீருடைக்கு உண்மையில் செலவழித்த தொகைக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்குத்தான் டெய்லர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதை வாங்கி வராமல், தேதியும் பெயரும் போட்ட பில்லாகக் கேளுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் எழுதுகிறேன்.

கேள்வி: தலைமைச் செயலகத்துக்கு வேட்டி கட்டிக்கொண்டு போகலாமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: தாராளமாகப் போகலாம். 2019-ல் தமிழக அரசு போட்ட ஆணையே ஆண்களுக்குச் சட்டை, பேன்ட் அல்லது வேட்டி என்றும், பெண்களுக்குச் சேலை, அல்லது துப்பட்டாவோடு சுடிதார் என்றும்தான் சொல்கிறது. நீதிமன்றத்தில் ஆஜராகும் நாளில்தான் ஆண்களுக்குக் கோட்டு. ஆனால் இதற்கு அலவன்ஸ் கேட்டுவிடாதீர்கள், இது உடை ஒழுங்கு மட்டும்தான், சீருடை அல்ல. சலவை, கஞ்சி எல்லாம் உங்கள் செலவு.