சவோன்லின்னாவின் எல்லையும் அதிகாரமும்

கேள்வி: பின்லாந்தின் ஏரிக்கரை ஊரான சவோன்லின்னாவில் வசிப்பவர்கள் முப்பதாயிரத்துச் சொச்சம் பேர், நகராட்சியின் பரப்போ ஏறக்குறைய 3,600 சதுர கிலோமீட்டர். அதை நிர்வகிப்பவரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. இது அதிகாரக் குவிப்பு இல்லையா?

பதில்: பரப்பளவை வைத்து அதிகாரத்தை அளந்துவிட்டீர்கள். அந்த 3,600இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சைமா ஏரித் தொகுதியின் தண்ணீர். 1475இல் கட்டத் தொடங்கிய ஒலாவின்லின்னா கோட்டையை ஒட்டி, ஹாபவேசி, பிஹ்லயாவேசி என்னும் இரு நீர்ப்பரப்புகளுக்கு நடுவே தீவுகளில் அமைந்த பழைய நகரம் சிறியது. 2009இல் சவோன்ரன்தாவும், 2013இல் கெரிமாகியும் புங்காஹார்யுவும் தங்கள் தனி நகராட்சிகளைக் கலைத்துவிட்டு இணைந்ததால்தான் எல்லை இப்படி விரிந்தது. மூவாயிரம் பேர் அமரக்கூடிய மரத் தேவாலயத்தை 1847இலேயே கட்டி முடித்த கெரிமாகி, தன் நகராட்சியைத் தனியே நடத்த முடியாத நிலைக்கு வந்திருந்தது. இளைஞர்கள் வெளியேற, முதியோர் பெருக, வரி செலுத்துவோர் குறைந்த ஊர்களை ஒன்றுசேர்க்க அரசே மானியம் கொடுத்த காலம் அது. இணைந்த பிறகும் தேய்வு நிற்கவில்லை. 2013இல் 36 ஆயிரத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை இன்று 33 ஆயிரத்துக்கும் கீழே.

நிர்வாகியைப் பொறுத்தவரை, பின்லாந்தின் எந்த நகரத்திலும் அப்பொறுப்புக்கு நேரடித் தேர்தல் கிடையாது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் நகர மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மன்றம் நிர்வாகியை நியமிக்கிறது. நம்பிக்கை இழந்தால் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்து நீக்கலாம். இதில் குவிப்பு எங்கே இருக்கிறது? நீங்கள் கேட்காமல் விட்ட குறை வேறொன்று: அங்கே வார்டுகள் இல்லை. நகராட்சி முழுவதும் ஒரே தொகுதியாக இருப்பதால், இணைந்துபோன புங்காஹார்யுவுக்கென்று ஓர் இடம்கூட உறுதியாகக் கிடையாது. ஓரத்துக் கிராமத்தின் பள்ளியை மூடும் தீர்மானம் வரும்போது அக்கிராமத்தார் மனம் கசந்தால் அது நியாயமே.

குவிப்பைப் பற்றிக் கவலைப்படுவதாக இருந்தால் மிக்கேலி நகரைப் பாருங்கள். 2023 ஜனவரி முதல் நாடெங்கும் மருத்துவம், சமூக நலம், தீயணைப்பு ஆகியவை நகராட்சிகளிடமிருந்து எடுக்கப்பட்டு 21 நலச்சேவை மாவட்டங்களுக்குத் தரப்பட்டன (ஹெல்சிங்கியும் தன்னாட்சி பெற்ற ஓலாந்துத் தீவுகளும் விதிவிலக்கு). நகராட்சி வருமான வரி விகிதத்திலும் 12.64 சதவீதப் புள்ளிகள் ஒரே வீச்சில் குறைக்கப்பட்டன. சவோன்லின்னா மருத்துவமனையின் தலைவிதியை இப்போது தீர்மானிப்பது ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மிக்கேலியைத் தலைமையிடமாகக் கொண்ட தென் சவோ மாவட்ட மன்றம். அதுவும் தேர்தலில் வந்த மன்றம்தான். ஆனால் அதற்கென்று தனி வரி விதிக்கும் உரிமை இல்லை, பணம் பெரும்பாலும் அரசிடமிருந்தே வருகிறது. அதற்கு முன்பே, 2018இல், ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்வியைப் கிழக்குப் பின்லாந்துப் பல்கலைக்கழகம் யோயென்சூ நகருக்கு மாற்றியபோது நகர மன்றத்தால் எதிர்ப்புத் தெரிவிக்கத்தான் முடிந்தது. பள்ளிகள், நூலகங்கள், நில வரைவுத் திட்டம், குடிநீர், தெருக்கள் ஆகியவையே இன்று அதன் கையில் முக்கியமாக மிஞ்சியிருப்பவை.